இன்னும் இல்லை

பதிவு 1 | நிலைய நாள் 212 | 07:40

அகில கலிஸ்டோ வாழ் பெருமக்களின் கனிவான கவனத்திற்கு ஓர் அறிவிப்பு. மூன்று வார காலமாகத் தலைமறைவாக இருந்துவந்த எனது இடது கால் உறை, இன்று காலை ஈரப்பத வடிகட்டியின் பின்புறத்திலிருந்து உயிர்ச்சேதம் ஏதுமின்றி மீட்கப்பட்டது. மீட்புப் பணியில் ஈடுபட்ட வீரர் வானமாமலை (வயது பதினேழு) அவர்களுக்குப் பாராட்டு விழா மதிய உணவுக்குப் பின் நடைபெறும். தலைமை: அவரே. சிறப்புரை: அவரே. கைதட்டல்: மதினியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி வழக்கமான செய்திகள். காற்று சரி. வெப்பம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். வியாழன் அதே இடத்தில் தொங்குகிறது. அதன் நிலாவான இந்தக் கலிஸ்டோவிலிருந்து பார்த்தால் அது எழவும் எழாது, விழவும் விழாது. சோம்பேறிகளின் தெய்வம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு அறிமுகம். இது வடக்குச் சரிவுப் பனி நிலையம். பனியை வெட்டி, உருக்கி, டேங்கரில் ஏற்றுவது தொழில். மக்கள்தொகை இரண்டு. ஒருவர் நிலையப் பொறுப்பாளர் பேச்சித்தாய், என் மதினி. இன்னொருவர் நான். மதினியின் வீட்டுக்காரர், அதாவது என் அண்ணன் உலகநாதன், டேங்கரை ஓட்டிக்கொண்டு விண்கலத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். பெயர் உலகநாதன், பிழைப்பு உலகத்துக்கு வெளியே. என் பெயரில் வானம் இருக்கிறது, மலை இருக்கிறது. இங்கேயும் அவை இரண்டும்தான் இருக்கின்றன. பொருத்தம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அனுப்பியதற்கு வேறு காரணமும் உண்டு. துறைமுகத்தின் குடிநீரை ஒருநாள் ரோஜா நிறமாக்கியவன் நான். தண்டனை: ஆறு மாதம் மதினியிடம் பயிற்சி. பயிற்சியின் ஒரு பகுதி இந்தக் குறிப்பு. நிலையக் கணினியில் எழுத எனக்கு அனுமதி இல்லை. போன மாதம் அதில் பருப்புக் குழம்பைப் பற்றி ஒரு இரங்கற்பா எழுதி வைத்தேன். அதனால் இந்தத் தனிக் கைப்பலகை. இது எதோடும் ஒட்டாது, என்னைப் போலவே.

இன்று மதினி வெளியே போகிறார். சரிவில் ஒரு குழாய் அடைத்திருக்கிறது. நாலு மணி நேர வேலை.

பதிவு 2 | நாள் 212 | 11:20

மதினி கதவருகே நின்று “போயிட்டு வாரேன்” என்றார். கதவு திறந்தது. அந்தச் சொல்லைக் கேட்காமல் இந்தக் கதவு திறக்காது. நான் ஒருமுறை சோதனைக்கு “போறேன்” என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. சிவப்பு விளக்கைக் காட்டி முறைத்தது. இந்தக் கதவுக்கு நிரல் எழுதியவர்கள் நம்ம பக்கத்து ஆட்கள். “போறேன்” என்று ஒருவர் வாசல் தாண்டுவதை எந்த வீட்டில் பொறுப்பார்கள்? தாமிரபரணிக் கரையில் பொறுக்காததை வியாழன் கரையிலும் பொறுக்கவில்லை.

வெளி அலைவரிசை:

மதினி: “ஏல மலை, நான் குனிஞ்சா காதுக்குள்ள தவள கத்துது.”

நான்: “உள்ளூர்த் தவளையா இருக்கும் மதினி. மழை வரப்போகுது.”

மதினி: “மழையா? உள்ள வந்து ஒனக்கு இடி மின்னலே காட்டுதேன். என்னல செஞ்ச?”

நான்: “உடையோட சாய்வு உணரியில ஒரு சத்தத்தைக் கட்டிவிட்டேன். அறிவியல்.”

மதினி: “அறிவியல்ல அறிவு போக மிச்சம் என்னமோ, அதுதான் ஒங்கிட்ட இருக்கு.”

இதைச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே இரண்டு தடவை குனிந்து பார்த்தார். தவளை இரண்டு தடவை கத்தியது. சிரிப்புக் கேட்டது. மறுத்தாலும் விடமாட்டேன், காதால் கேட்ட சாட்சி நான்.

பதிவு 3 | நாள் 212 | 12:31

தரை அதிர்ந்தது. மேல் சரிவின் பனி முழுதும் இறங்கியது. சாளரத்திலிருந்து பார்த்தேன். சத்தமே இல்லை. இங்கே காற்று கிடையாது, எதற்கும் சத்தம் கிடையாது. வெள்ளையாக ஒன்று மெதுவாகப் படுத்துக்கொண்டது போலிருந்தது.

12:05 குரல் அறுந்தது. சரிவின் மேலிருந்த அலைவரிசைக் கோபுரம் இல்லை.

கதவுப் பலகையில் மதினியின் நாடி விளக்கு மட்டும் எரிந்தது. பச்சை. பச்சை. பச்சை.

12:16 அணைந்தது.

பலகையில் தட்டிப் பார்த்தேன். மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். விளக்கில் பழுது இல்லை.

பதிவு 4 | நாள் 212 | 15:00

வெளியே போக உடை இல்லை. நிலையத்தில் இரண்டே உடைகள். ஒன்று அண்ணனிடம். ஒன்று மதினியிடம்.

செயற்கைக்கோள் அலைவரிசை:

அண்ணன்: “மலை, விளக்கு எப்பம் அணஞ்சுச்சு?”

நான்: “பன்னெண்டு பதினாறு.”

அண்ணன்: “திரும்பப் பாரு.”

நான்: “பாத்துட்டேன்னே. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

அண்ணன்: “சரி. நான் வண்டியத் திருப்பிட்டேன். வந்து சேர ரெண்டு வாரம் ஆவும். நீ சாப்பிடு. கேக்கியால? சாப்பிடு.”

தவளைக்கும் சரிவுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னான். நான் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான்.

கண்டெடுப்பவர் கவனத்திற்கு: நான் அழவில்லை.

பதிவு 5 | நாள் 216 | 09:15

மஞ்சள் விளக்கு. “லாக் எழுபது விழுக்காடு நிரம்பியது.”

லாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு, எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும் என்பதால், சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த நிலையத்தை ஓட்டுவது ஒரு டேட்டாபேஸ். அது பெரிய சுத்தக்காரர். விசிறியின் வேகத்தைக் கூட்ட வேண்டுமா? “கூட்டப் போகிறேன்” என்று முதலில் லாக் என்ற பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் கூட்டும். வால்வு, ஹீட்டர், கதவு எல்லாமே அப்படித்தான். பாதியில் மின்சாரம் போனாலும் எதுவரை செய்தோம் என்று தெரிய வேண்டுமாம். எழுத இடம் இல்லையென்றால் ஒன்றும் செய்யாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஆக, லாக் நிரம்பினால் நாம் லாக்.

மதினி இருந்திருந்தால் இந்த ஜோக்குக்குப் பூரிக்கட்டை பறந்திருக்கும். இங்கே ஈர்ப்பு குறைவு, மெதுவாகத்தான் வரும், விலகிக்கொள்ளலாம்.

தீர்வு எளிது. பேக்கப் எடுத்தால் முடிந்துபோன வேலைகள் எல்லாம் லாக்கிலிருந்து கழியும். மதினி செய்வதைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிட வேலை. நிலையத்தின் தற்காலிகத் தலைவர் வானமாமலை இதோ களமிறங்குகிறார்.

பதிவு 6 | நாள் 216 | 11:50

பேக்கப் எடுத்தேன். எழுபது. மறுபடி எடுத்தேன். எழுபத்தொன்று. நான் கழிக்கக் கழிக்க அது கூட்டுகிறது. என் கணக்கு ஆசிரியர் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிட்டது.

துறைமுகத்தின் தொழில்நுட்ப அறையைக் கூப்பிட்டேன். ஜெசிந்தா என்று ஒரு அக்கா.

ஜெசிந்தா: “தம்பி, முடிஞ்ச வேலைதான் கழியும். முடியாத வேலை ஒண்ணு நடுவுல நின்னா, அதுக்குப் பின்னாடி வந்த எதையும் அழிக்க முடியாது. டிக்கெட் கவுன்ட்டர்ல முன்னால நிக்கிறவர் நகராம நின்னா பின்னால இருக்கற வரிசை என்ன ஆகும்? அப்படி. ரொம்ப நாளா திறந்து கிடக்கிற வேலை எதுன்னு தேடுங்க.”

தேடினேன். ஒன்றே ஒன்று. தொடக்கம் நாள் 212, காலை. பெயர்: போய்வரவு. ஆள்: பேச்சித்தாய்.

ஜெசிந்தா: “அது வெளிய போன பதிவுதானே? போனது எப்பவோ முடிஞ்சிருக்கணுமே. எங்க துறைமுகத்துல வெளிய போறது ஒரு வேலை, உள்ள வர்றது வேற வேலை. ரெண்டு சின்னப் பதிவு. உங்க நிலையத்துல யாரு ரெண்டையும் ஒண்ணா எழுதினது?”

எனக்குத் தெரியும் யார் என்று. நம்ம பக்கத்து ஆட்கள். “போனார்” என்று ஒரு வரி தனியாக முடிந்து கிடப்பதை எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் போவதையும் வருவதையும் சேர்த்து ஒரே வேலையாக்கிவிட்டார்கள். வந்தால்தான் முடியும். வராதவரை தொடங்கியபடியே நிற்கும்.

அதைவிட மோசமான ஒன்று. அந்த வேலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அளவை மட்டும் பார்க்கலாம். அது வளர்ந்துகொண்டே இருந்தது. ஏன் என்று ஜெசிந்தா நிரலைப் படித்துப் பார்த்துச் சொன்னார். கதவு ஒவ்வொரு நொடியும் ஒருமுறை கேட்கிறதாம்: “வந்தாயிற்றா?” கேட்டுவிட்டு, அதுவே எழுதிக்கொள்கிறதாம்: “இன்னும் இல்லை.”

இன்னும் இல்லை. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. நாலு நாளாக.

லாக்கை நிரப்பிக்கொண்டிருப்பது இதுதான்.

பதிவு 7 | நாள் 217 | 10:05

ஜெசிந்தா இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, வேலையை முடிப்பது. அதற்கு மதினியின் உடை கதவுக்குள் நுழைய வேண்டும். “வந்தாச்சு” என்று நாமாக எழுத முடியாது. வெளியே ஆள் கிடக்கும்போது யாரும் பொய்யாக எழுதிவிடக் கூடாது என்று போட்ட பூட்டு அது. நல்ல பூட்டு. இன்னொன்று ரோல்பேக். அந்த வேலை தொடங்கியதே இல்லை என்று ஆக்குவது. அதற்குள் இருப்பதெல்லாம் போய்விடும்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

உடையிலிருந்து கதவுக்கு ஒரு மெல்லிய தனி சிக்னல் உண்டாம். கோபுரம் விழுந்தாலும் அது வரும். நாடித்துடிப்பும் உள்ளே பேசும் பேச்சும் அதன் வழியாக நேரே போய்வரவில் விழும். வேலை முடியும்வரை யாரும் கேட்க முடியாது. பாதி வேலையை வெளியே காட்டுவது இந்த டேட்டாபேஸுக்கு மரியாதைக் குறைவு.

குரல் அறுந்தது பன்னிரண்டு ஐந்துக்கு. விளக்கு அணைந்தது பன்னிரண்டு பதினாறுக்கு. நடுவில் பதினொரு நிமிடம்.

மதினி பேசியிருக்கிறார். அந்தப் பதினொரு நிமிடத்தின் அளவைப் பார்த்து ஜெசிந்தா சொன்னார். அமைதியாக இருந்தால் பதிவு இவ்வளவு பெரிதாகாதாம்.

அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

அண்ணன்: “என்ன பேசியிருக்கா?”

நான்: “கேக்க முடியாதுன்னே. உடை உள்ள வந்தாத்தான்.”

அண்ணன்: “அப்பம் நான் வந்து அவளத் தோண்டி எடுத்துக் கூட்டிட்டு உள்ள வாரேன். கதவு முடிச்சிக்கிடும். அப்புறம் கேப்போம். ஏல, அதுவரைக்கும் தொடாத. மலை, ஒன்ன கையெடுத்துக் கும்புடுதேன், தொடாத.”

அண்ணன் என்னை இதுவரை அதட்டித்தான் பேசியிருக்கிறான்.

நான்: “தொடமாட்டேன். நீ வார வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?”

கண்டெடுப்பவர் கவனத்திற்கு: வானமாமலை வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாக்கு கலிஸ்டோவின் பனியை விடக் கெட்டி.

பதிவு 8 | நாள் 218 | 16:30

இடம் தேடும் படலம். டிஸ்க்கில் என் உடைமைகளை ஒவ்வொன்றாக அழித்து லாக்குக்கு இடம் கொடுத்தேன்.

விளையாட்டுகள்: முப்பத்தொன்று. போயின. திரைப்படங்கள்: போயின. துறைமுகத் தலைவர் ரோஜா நிறத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செய்த முகபாவனையின் காணொளி, கலை வரலாற்றுக்குப் பேரிழப்பு: போயிற்று. குறும்பு ஒலிகள்: தும்மல், ரயில், அண்ணனின் குறட்டை, பூனை. போயின. தவளை.

தவளையைக் கடைசிவரை வைத்திருந்தேன். ரொம்பச் சின்னக் கோப்பு. அதையும் அழித்தேன். அது ஒரு நிமிடத்து லாக்குக்குக்கூடப் போதவில்லை.

மொத்தமாக ஒன்றரை நாள் சம்பாதித்தேன். அண்ணன் வர இன்னும் எட்டு நாள்.

பதிவு 9 | நாள் 220 | 13:10

நிரம்பியது.

எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை, அடிப்பதையும் முதலில் எழுத வேண்டுமே. விசிறி மெதுவாகி நின்றது. அப்போதுதான் தெரிந்தது இத்தனை மாதமும் அது பின்னால் ஏதோ முனகிக்கொண்டே இருந்திருக்கிறது என்று. ஹீட்டரும் நின்றது. சமையல் பொறியும் நின்றது.

கவலை வேண்டாம். விசிறிக்குக் கைச்சக்கரம் உண்டு. சுற்றினால் காற்று வடிகட்டி வழியே போகும். அரைமணிக்கு ஒருமுறை நன்றாகச் சுற்ற வேண்டும். ஹீட்டருக்குப் பதில் எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டேன், மீட்கப்பட்ட இடது கால் உறை உட்பட. பார்க்க முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறேன். சாப்பாட்டுக்கு உலர்ந்த அவல் இருக்கிறது. செயற்கைக்கோள் அலைவரிசை மட்டும் டேட்டாபேஸைக் கேட்காமல் தனியாக ஓடுகிறது.

ஜெசிந்தா: “தம்பி, இது சரியில்ல. ரோல்பேக் பண்ணிடுங்க. லாக் நிரம்பினாலும் அதுக்கு மட்டும் எப்பவும் இடம் ஒதுக்கி வெச்சிருக்கும். ஒரே ஒரு உத்தரவு.”

எல்லாவற்றையும் எழுத இடம் இல்லாமல் போனாலும், நடக்கவே இல்லை என்று சொல்ல மட்டும் இடம் வைத்திருக்கிறது. பெரிய மனசு.

“நான் சமாளிச்சிடுவேன் அக்கா” என்றேன். ஆறு நாள்தானே. தேர்வுக்கு முந்தின இரவுகளில் நான் தூங்கியதே இல்லை. (படித்ததும் இல்லை. அது வேறு.)

பதிவு 10 | நாள் 221 | 08:00 இருக்கலாம்

சுற்றினேன். சுற்றுகிறேன். உள்ளங்கை கொப்புளம். இடக்கையால் சுற்றினால் சக்கரம் வேறு மாதிரி கிறீச்சிடுகிறது. வலக்கையில் “கிரீக்”, இடக்கையில் “லத்தீன்”. இந்த ஜோக்கை அண்ணனிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. தூங்கினாயா என்று கேட்டான். நன்றாகத் தூங்கினேன் என்றேன்.

அரைமணிக்கு ஒருமுறை எழுப்ப மணி வைக்கலாம் என்றால் மணியும் நிலையத்தின் மணி. எழுதாமல் அடிக்காது. அதனால் தூங்காமல் இருக்கிறேன். நின்றுகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் ஆபத்து.

என்ன பேசியிருப்பார்? பதினொரு நிமிடம். அண்ணனுக்கு ஏதாவது. என்னைத் திட்டியும் இருக்கலாம். திட்டினால் பரவாயில்லை. திட்டட்டும்.

அண்ணனும் இதையேதான் நினைக்கிறான் போலிருக்கிறது.

அண்ணன்: “அவ வழக்கமா ஒண்ணு சொல்லுவா, நான் வண்டிய எடுக்கும்போது. அதத்தான் சொல்லியிருப்பா.”

நான்: “என்னன்னே?”

அண்ணன்: “ஒண்ணுமில்ல. நீ சின்னப் பய.”

பதிவு 11 | நாள் 222 | நேரம் தெரியவில்லை

சுற்ற மறந்துவிட்டேன் போல. சுவரோடு சாய்ந்து கிடந்தேன். தலை வலி. இரண்டு வியாழன் தெரிந்தது. ஒன்றைக் கழிக்க

எழுத்துகள் நகர்கின்றன. பிடித்து வைத்து எழுதுகிறேன்.

கதவைப் பார்த்தேன். பலகை இருட்டு. ஆனாலும் அது கேட்டுக்கொண்டிருக்குமா உள்ளே? எழுத இடம் இல்லாமல் கேட்க மட்டும். வந்தாயிற்றா. நான் பதில் சொன்னேன். சத்தமாக. இன்னும் இல்லை இன்னும் இல்லை என்று நானே

அண்ணன் கூப்பிட்டான்.

அண்ணன்: “மலை. ஒன் பேரச் சொல்லு.”

நான்: “வான... மா...”

அண்ணன்: “முழுசாச் சொல்லு!”

நான்: “மதினி வந்துட்டாங்களான்னு கதவு கேக்குதுன்னே. இல்லன்னு சொல்லிட்டேன். சரிதான?”

அவன் மறுபடி என் பெயரை

ஏதோ விழுந்த சத்தம் அவன் பக்கம்

சக்கரம் எங்கே இருக்கிறது

பதிவு 12 | நாள் 223 | 11:00

நிலையம் சீரானது. காற்று சரி. வெப்பம் சரி. லாக் மூன்று விழுக்காடு.

நேற்று அண்ணன் ரோல்பேக் செய்யச் சொன்னான். செய்தேன். நிலையத் தலைவர் என்ற முறையில் நானே முனையத்தில் அமர்ந்து, நானே உத்தரவைத் தட்டி, நானே பொத்தானை அமுக்கினேன். சிலருக்கு இதெல்லாம் பிறவியிலேயே வரும்.

போய்வரவு நீங்கியது. பதினொரு நிமிடமும் நீங்கியது.

ரோல்பேக் செய்ததில் ஒரு சின்னப் பக்கவிளைவு. மதினி வெளியே போனதே இல்லை என்று ஆகிவிட்டதால், அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று டேட்டாபேஸ் நம்புகிறது. உள்ளே இருப்பவர்களின் பட்டியலிலும் கதவின் வெளிப்பலகையிலும் அவர் பெயர் நிற்கிறது; பட்டியலிலிருந்து தனியாக நீக்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னார். அரை நிமிட வேலை. அதையும் நீக்கிவிட்டேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணன்: “நீக்கிட்டியா? நல்லது. வெளிப்பலகையில அவ பேரப் பாத்துக்கிட்டு என்னால உள்ள வர முடியாதுல.”

வானமாமலை கடமை தவறாதவர் என்பது இத்துடன் வரலாற்றில் பதிவாகிறது.

பதிவு 13 | நாள் 226 | 12:20

தெற்கே வண்டி விளக்கு தெரிகிறது. இரண்டு புள்ளி. இன்னும் அரைமணியில் வந்துவிடுவான். முதலில் சரிவுக்குப் போக மாட்டேன், உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறான்.

அதற்குள் சிலவற்றை எழுதிவிட வேண்டும். அண்ணே, இதை நீ படிப்பாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. வாய் வராமல் போவது எனக்கு இதுதான் முதல் தடவை, குறித்துக்கொள்.

பதிவு 12 பொய். முழுதும் இல்லை. காற்று சரி, அது உண்மை.

பொத்தானை நான் அமுக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே. படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அமுக்கச் சொல்லி அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டான். நான் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். மூச்சு முட்டியது ஒரு பக்கம். அமுக்க முடியவில்லை என்பது இன்னொரு பக்கம். நாலாவது தடவை அவன் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. வண்டியிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக உத்தரவைப் போட்டுவிட்டான். அந்தப் பதினொரு நிமிடத்தை அவன்தான் கொடுத்தான். எனக்காக. வாக்குக் கொடுத்த நான் கவிழ்ந்து கிடந்தேன்.

அடுத்தது.

பெயரை நீக்கவில்லை.

நீக்கப் போனேன். பட்டியலைத் திறந்தேன். விரலை வைத்தேன். அப்போது சமையல் பொறி ஓடத் தொடங்கியது. அதற்கு உள்ளே எத்தனை பேர் என்று ஒரு கணக்கு. இரண்டு தட்டு வைத்தது. ஒன்றை நான் எடுத்தேன். இன்னொன்றை யாரும் எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அது கூப்பிட்டது.

“பேச்சித்தாய், சாப்பாடு ஆறுகிறது.”

அதுவரை பத்து நாளாக மதினியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் மதினி என்பேன். நீ அவ என்பாய். ஜெசிந்தாவுக்கு அது திறந்து கிடக்கும் வேலை. பெயர் சொல்லி, சாப்பிட வா என்று, வீட்டில் கூப்பிடுவது போல அதுதான் கூப்பிட்டது.

தட்டை எடுத்துவிட்டால் நின்றுவிடும். நான் உடனே எடுப்பதில்லை. இரண்டு தடவை கூப்பிடட்டும், மூன்று தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். பிறகு அந்தத் தட்டையும் நானே சாப்பிட்டுவிடுவேன். வீணாக்கினால் மதினிக்குப் பிடிக்காது. மூன்று நாளாக ஒவ்வொரு வேளையும் இரட்டைச் சாப்பாடு. வயிறு வீங்கிக் கிடக்கிறேன். வந்ததும் ஏன் குண்டாகியிருக்கிறாய் என்று கேட்காதே, இதுதான் காரணம்.

வெளிப்பலகையில் இரண்டு பேர் என்று இருக்கும். அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. நீ பார்க்கக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கிறது. இப்போதுகூட நேரம் இருக்கிறது. அரை நிமிட வேலை. விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மன்னித்துக்கொள். நீயே நீக்கு. என்னால் ஆகவில்லை.

ஆனால் உடனே நீக்காதே அண்ணே. வண்டி நின்றுவிட்டது, தெரிகிறது. பலகையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வா. உடையைக்கூடக் கழற்ற வேண்டாம். நேரே சமையலறைக்கு வா. மதியச் சாப்பாட்டு நேரம்தான். இரண்டாவது தட்டை இன்னும் நான் எடுக்கவில்லை.